டாட்டூ ஆர்ட்டிஸ்ட் ஆக ஆசையா? ஊசியைக் கையில் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள செம்மேட்டில் இருந்து ஒருவர் எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்றால் வழி தெளிவாக இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் சேரலாம். பாடத்திட்டம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, முடித்தால் அரசு சான்றிதழ் கிடைக்கும். ஃபிட்டர், வெல்டர் என்றாலும் இதே கதைதான்.

அதே ஊரில் ஒருவர், “எனக்கு நல்லா வரைய வரும். டாட்டூ ஆர்ட்டிஸ்ட் ஆகணும். எங்க போய் கத்துக்கிறது?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மலையை விட்டு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கிய பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கேள்வியை செல்போனில் தட்டினால் பதில்கள் கொட்டுகின்றன. சில நாள்களிலேயே டாட்டூ கற்றுத் தருகிறோம் என்கிறது ஒரு விளம்பரம். மெஷின், மை, ஊசி எல்லாம் சேர்ந்த ‘கிட்’ வீட்டு வாசலுக்கே வரும் என்கிறது இன்னொன்று. இரண்டுமே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் தவறு நடந்தால், அது காகிதத்தில் நடக்காது. இன்னொருவரின் உடம்பில் நடக்கும். அதை அழி ரப்பரால் அழிக்க முடியாது.

அதனால்தான் உலகம் முழுக்க இந்தத் தொழிலுக்கு ஒரு பழைய பாதை இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதுதான் அப்ரண்டிஸ்ஷிப். அனுபவமுள்ள ஒருவரிடம் சேர்ந்து, கூடவே இருந்து, பார்த்துப் பழகும் பாதை. அதை எப்படித் தேடுவது? நல்ல குருவை எப்படி அடையாளம் காண்பது?

லைசென்ஸ் தேவையா?

இந்தியாவில் டாட்டூ தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. கடை வைக்க உள்ளாட்சி அமைப்பிடம் தொழில் உரிமம் வாங்க வேண்டும். ஆனால், அந்த உரிமம் கடைக்குத்தான். ஊசி பிடிக்கிற கைக்கு என்ன தெரியும் என்று அது கேட்பதில்லை.

மற்ற நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டாட்டூ போட உரிமம் வாங்க வேண்டுமானால் 360 மணி நேரப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். தென்கொரியாவில் நிலைமை தலைகீழ். டாட்டூ போடுவது மருத்துவச் செயல், டாக்டர்கள் மட்டுமே செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992-ல் சொல்லிவிட்டது. மற்றவர்களும் போடலாம் என்ற சட்டம் 2025 செப்டம்பரில்தான் நிறைவேறியது.

மை விஷயத்திலும் இதே இடைவெளிதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் இருந்து டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. இங்கே கர்நாடக அரசு 2025-ம் ஆண்டின் தொடக்கத்தில், டாட்டூ மைகளில் 22 உலோகங்கள் இருப்பதாகச் சொல்லி, தரக்கட்டுப்பாடு தேவை என்று குரல் கொடுத்தது.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளப் போகிறவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? சட்டம் கேட்காத கேள்விகளை இங்கே அவரேதான் கேட்டாக வேண்டும். அவருக்குக் கிடைக்கும் சான்றிதழில் இருக்கும் ஹாலோகிராமும் முத்திரையும் அந்தப் பயிற்சி மையத்தின் சொந்த முத்திரைதான். வாடிக்கையாளர் பார்ப்பது சான்றிதழை அல்ல, ஆறிய டாட்டூவை.

பாட்டி கையில் இருக்கும் பச்சை

குருவிடம் கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இன்றும் பல வீடுகளில் பாட்டியின் முன்கையில் நீலப்பச்சையாக ஒரு கோலமோ, தேளோ, தாத்தா பெயரோ இருக்கும். அதில் பெரும்பாலானவை குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராகப் போய்க் குத்தியவை. சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியைத் தொட்டுத் தொட்டுக் குத்துவார்கள். கறுப்பாக உள்ளே போகும் கரி தோலுக்கு அடியில் பச்சையாகத் தெரிவதால்தான் அதற்குப் ‘பச்சை’ என்று பெயர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைப் பற்றித் தனிக் குறிப்பு எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்கள் யாரும் கோர்ஸ் படித்தவர்கள் அல்ல. அம்மா குத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கை பிடித்துக்கொள்வதில் ஆரம்பித்தது அவர்களின் படிப்பு. எவ்வளவு ஆழம், எப்போது நிறுத்துவது, அழுகிற பிள்ளையை எப்படிப் பேசிச் சமாளிப்பது என்று எல்லாம் பார்த்துப் பார்த்து வந்ததுதான். ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்திய அந்தப் பழக்கம் மட்டும் இன்று ஏற்கக்கூடியது அல்ல.

மெஷின் வந்தது பிறகு. தாமஸ் ஆல்வா எடிசன் நகல் எடுப்பதற்காக ‘எலக்ட்ரிக் பேனா’ ஒன்றைக் கண்டுபிடித்து 1876-ல் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனையை மாற்றியமைத்து, நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ’ரெய்லி 1891 டிசம்பரில் முதல் மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். வேகம் கூடியது. ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் முறை மட்டும் மாறவில்லை.

அப்ரண்டிஸ் என்னதான் செய்வார்?

முதல் நாளே மெஷினைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். நல்ல ஸ்டுடியோவில் முதல் சில மாதங்கள் இப்படித்தான் போகும்: கடையைத் திறப்பது, மேஜையைக் கிருமிநாசினி போட்டுத் துடைப்பது, மெஷினுக்கும் வயருக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டுவது, ஸ்டென்சில் எடுப்பது, வாடிக்கையாளருக்கு அப்பாயின்ட்மென்ட் எழுதுவது, குரு வேலை செய்யும்போது வாயை மூடிக்கொண்டு பார்ப்பது.

‘இது எடுபிடி வேலை’ என்று தோன்றும். பாதி உண்மை. மீதி பாதிதான் படிப்பு. கையுறை போட்ட கையால் செல்போனைத் தொட்டுவிட்டு, அதே கையால் தோலைத் தொடக் கூடாது என்பதைப் புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிடலாம். அது கைக்குப் பழக்கமாகப் பதிய மாதக்கணக்கு ஆகும்.

இதோடு தினமும் வரைய வேண்டும். கோடு, வட்டம், எழுத்து, நிழல். பிறகு சிலிக்கான் செயற்கைத் தோலில் பயிற்சி. சிலர் ஆரஞ்சு, வாழைப்பழத் தோலிலும் பழகுவார்கள். அதன்பின் பெரும்பாலும் தன் சொந்தக் காலில் ஒரு சின்ன டாட்டூ. வலி எப்படி இருக்கும், எத்தனை நாளில் ஆறும் என்று அப்போதுதான் புரியும். கடைசியாக, குரு பக்கத்தில் இருக்க, சம்மதிக்கும் நண்பருக்கு ஓர் எளிய டிசைன். இந்த இடத்துக்கு வர ஒரு வருடம் ஆவது சாதாரணம். தனியாக நாற்காலி கிடைக்க அதற்கு மேலும் ஆகலாம்.

ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது தொழில்

ஏன் இவ்வளவு நாள்? தோலின் அமைப்பைப் பார்த்தால் புரியும். மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன். அது தொடர்ந்து உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மை அங்கேயே நின்றுவிட்டால் சில வாரங்களில் மங்கிவிடும். அதற்குக் கீழே உள்ள உள்தோலில் சேர வேண்டும். அதாவது ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம். அதையும் தாண்டினால் மை கசிந்து, கோட்டைச் சுற்றி நீல நிழல் படரும். அதை ‘ப்ளோ-அவுட்’ என்பார்கள்.

உள்தோலில் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். உடம்பு மையை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. ஆனால், செரிக்க முடிவதில்லை. அந்தச் செல் இறந்தால் மை வெளியே வரும். அடுத்த செல் அதை விழுங்கிக்கொள்ளும். பிரான்ஸ் விஞ்ஞானிகள் 2018-ல் எலிகளிடம் செய்த ஆய்வில் இது தெரியவந்தது. டாட்டூ ‘நிரந்தரம்’ என்று நாம் சொல்வது, உண்மையில் முடியாமல் நடந்துகொண்டே இருக்கும் ஒரு பிடித்து வைக்கும் வேலை.

கழுத்து, விலா, மணிக்கட்டு என்று ஒவ்வோர் இடத்திலும் தோல் வேறு மாதிரி. இளைஞரின் தோல் வேறு, அறுபது வயதுக்காரரின் தோல் வேறு. நம் ஊர் மாநிறத்தில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் நிற்பது கஷ்டம். நிறம் கூடிய தோலில் தழும்பு தடித்து எழும் ‘கீலாய்டு’ வாய்ப்பும் அதிகம். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து மட்டும் கற்றவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கண்ணுக்குத் தெரியாத பாடம்

கோடு கோணலானால் கவர்-அப் போட்டு மறைக்கலாம். கிருமி போனால்? ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, ஹெச்.ஐ.வி. ஆகிய மூன்றும் ரத்தம் பட்ட ஊசி வழியாகப் பரவக்கூடியவை. இதில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்துளியில்கூட குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். போன வாரம் மேஜை ஓரத்தில் தெறித்த, கண்ணுக்கே தெரியாத ஒரு துளி இந்த வாரம் ஒருவரை நோயாளி ஆக்கலாம். ஊசி புதிது என்பது மட்டும் போதாது. மை ஊற்றும் சின்ன கப், கையுறை, மேஜை, மெஷின் பிடி எல்லாமே கணக்கில் வரும்.

ஆபத்து வாடிக்கையாளருக்கு மட்டும் அல்ல. ஊசி குத்திக்கொள்ள அதிக வாய்ப்புள்ளவர், குப்பையை அள்ளும் அப்ரண்டிஸ்தான். எனவே, ஸ்டுடியோ தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு: டாக்டரிடம் கேட்டு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்வது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. குருவைத் தேடி அலைகிற ஆறு மாதத்தில் இது முடிந்துவிடும்.

குருவை எப்படித் தேர்வு செய்வது?

2024 டிசம்பரில் திருச்சியில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளலாம். டாட்டூ கடை ஒன்றில், பாம்பு நாக்கு போல நாக்கை இரண்டாகப் பிளக்கும் வேலை நடந்தது. மருத்துவப் பயிற்சி இல்லாமல் செய்ததாகக் கடைக்காரரும் உதவியாளரும் கைது செய்யப்பட்டனர். மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. அந்தச் செய்தியில் அப்ரண்டிஸ் தேடுபவர் கவனிக்க வேண்டிய வார்த்தை ‘உதவியாளரும்’ என்பதுதான். குரு எல்லை தாண்டினால் பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து சிக்குவார்.

செம்மேட்டில் இருந்து சேலம், திருச்சி, ஈரோடு, கோவை எங்கே போனாலும் முதலில் வாடிக்கையாளர் போல ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. “ஆறின டாட்டூ போட்டோ காட்டுங்களேன்.” போட்டவுடன் எடுத்த படத்தில் எல்லா டாட்டூவும் அழகுதான். ஒரு வருடம் கழித்து எடுத்த படம்தான் கையின் தரத்தைச் சொல்லும்.

2. “ஊசியை எங்க போடுறீங்க?” மருத்துவமனையில் ஊசிகளுக்குக் குத்திக் கிழியாத வெள்ளை டப்பா இருக்கும். நல்ல ஸ்டுடியோவிலும் அப்படி ஒன்று இருக்கும். சாதாரணக் குப்பைத்தொட்டியைக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

3. “திரும்பப் பயன்படுத்துற சாமானை எப்படிச் சுத்தம் பண்றீங்க?” எல்லாமே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது என்றால் நல்லது. ஸ்டீல் பிடி போன்றவை இருந்தால் ஆட்டோகிளேவ் வேண்டும். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், அழுத்தத்தில், 15 முதல் 20 நிமிடம். வெந்நீரில் போட்டு எடுப்பதும், டெட்டாலில் துடைப்பதும் அதற்கு ஈடாகாது.

4. “18 வயசு ஆகாதவங்க வந்தா போடுவீங்களா?” பதிலைவிட, பதில் சொல்ல எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

5. “எத்தனை மாசம் கழிச்சு நான் ஊசி பிடிப்பேன்?” ‘அடுத்த வாரமே’ என்று சொல்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. உங்களிடம் முதலில் மாட்டப்போகும் வாடிக்கையாளருக்கும் நல்லது செய்யவில்லை.

பணப் பேச்சை வாயளவில் முடிக்க வேண்டாம். சில இடங்களில் கட்டணம் கேட்பார்கள், சில இடங்களில் கட்டணமும் இல்லை, சம்பளமும் இல்லை. எதுவாக இருந்தாலும் எத்தனை மாதம், என்னென்ன கற்றுத் தருவார்கள், மெஷினும் மையும் யார் செலவு, பாதியில் நின்றால் பணம் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலையில் இருந்து போகிறவருக்குப் பல நேரம் பயிற்சிக் கட்டணத்தைவிட ஊரில் தங்கும் செலவுதான் பெரிய சுமை. காலையில் அப்ரண்டிஸ், மாலையில் வேறு ஏதாவது பகுதிநேர வேலை என்பதுதான் பலருக்கு நடைமுறை.

கையில் என்ன கொண்டு போக வேண்டும்?

‘டாட்டூ கத்துக்க ஆசை’ என்ற ஒரு வரி வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பெரும்பாலும் பதில் வராது. நேரில் போவதும், வரைந்த நோட்டைக் கொண்டு போவதும்தான் பலன் தரும். நூறு படம் வேண்டாம். பார்த்து வரைந்ததாக இல்லாமல் சொந்தமாக யோசித்த 15, 20 படம் போதும். சுத்தமான கோடு தெரியும் படங்கள், தமிழ் எழுத்துகள், ஓரிரு முகங்கள், ஒரே டிசைனை மூன்று அளவுகளில் வரைந்த ஒரு பக்கம். டாட்டூ மெஷினை வாங்கி நண்பர்களுக்குப் போட்ட படங்களை மட்டும் கொண்டு போகாதீர்கள். அது தகுதி அல்ல. குரு முதலில் மறக்கடிக்க வேண்டிய பழக்கம்.

கோலம் போடத் தெரிந்தவருக்கு ஒரு முன்தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. புள்ளிகளைச் சுற்றிக் கையை எடுக்காமல், ஆரம்பித்த இடத்திலேயே கோட்டை முடிப்பது டாட்டூ கோட்டுக்கு அருமையான பயிற்சி. மருதாணி, சுவர் விளம்பரம், பேனர் எழுத்து என்று எதில் கை பழகியிருந்தாலும் உதவும். முறையாக வரையக் கற்க நினைப்பவர்கள் அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வை எழுதலாம். நாலு வருடம் ஒதுக்க முடிந்தவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மணிப்பூரைச் சேர்ந்த மோ நாகா, ஹைதராபாத் நிஃப்டில் ஃபேஷன் டிசைன் படித்தவர். பிறகு டாட்டூவுக்கு வந்து, மறைந்துகொண்டிருந்த நாகா பழங்குடி டிசைன்களை மீட்டெடுப்பதில் பெயர் பெற்றார். படிப்பும் பாரம்பரியமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

கற்ற பிறகு மலைக்குத் திரும்பலாமா?

திரும்பலாம். வாடிக்கையாளர் நகரத்தில்தான் இருப்பார் என்பது விதி அல்ல. பிலிப்பைன்ஸின் கலிங்கா மலைப்பகுதியில் புஸ்கலான் என்றொரு கிராமம். அங்கே 1917-ல் பிறந்த வாங்-ஒட் என்ற பாட்டி, முள்ளையும் கரியையும் வைத்துக் கையால் தட்டி டாட்டூ போடுகிறார். அவரிடம் போட்டுக்கொள்ள உலகம் முழுவதிலும் இருந்து ஆள்கள் மலை ஏறுகிறார்கள். 2023-ல் அவருடைய படம் வோக் பிலிப்பைன்ஸ் இதழின் அட்டையில் வந்தது. அவர் தன் தங்கை, தம்பி வழிப் பேத்திகளைச் சிறு வயதிலேயே பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினார். இன்று அந்தப் பேத்திகளும் கலைஞர்கள். அதைப் பார்த்து ஊரின் மற்ற இளைஞர்களும் கற்றுக்கொண்டார்கள்.

செம்மேட்டுக்கும் ஆள்கள் ஏறி வருகிறார்கள். வார இறுதியில் பைக்கில் வருகிறவர்கள், ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர்கள். ‘கொல்லிமலை போன ஞாபகமா ஒரு டாட்டூ’ என்று கேட்க ஆள் இருக்கும். ஆனால், அங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வருகிறவர்களில் பலர் அடுத்துப் போகும் இடம் ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய் தலையைக் கொடுத்து நிற்பார்கள். புதிதாகப் போட்ட டாட்டூ என்பது திறந்த காயம். ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை அருவி, ஆறு, நீச்சல்குளம் எதுவுமே கூடாது.

அப்போது டாட்டூ ஆர்ட்டிஸ்ட் என்ன செய்ய வேண்டும்? “இன்னைக்கு அருவிக்குப் போறீங்களா? அப்போ இப்ப வேணாம். குளிச்சிட்டு வாங்க, ஊருக்குக் கிளம்பும்போது போட்டுக்கலாம்” என்று சொல்ல வேண்டும். கையில் வந்த காசைத் திருப்பி அனுப்புகிற மாதிரிதான் இருக்கும்.

இப்படி ‘வேணாம்’ சொல்ல வேண்டிய இடங்கள் இந்தத் தொழிலில் நிறைய. ராணுவத்தில் சேரத் தயாராகும் பையன் தோளில் புலி கேட்டால், முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் டாட்டூ இருந்தால் ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பழங்குடி மரபுப்படி குத்தியவற்றுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. அடிக்கடி ரத்த தானம் செய்பவர் வந்தால், டாட்டூ போட்ட பிறகு 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது என்று நினைவூட்ட வேண்டும். பதினாறு வயதுப் பெண் காதலன் பெயரோடு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோடு போட வீடியோ பார்த்துக்கூட ஓரளவு பழகிவிடலாம். காசோடு வந்து நிற்கிறவரிடம் முகம் கோணாமல் ‘இப்ப வேணாம்’ என்று சொல்வதை, அப்படிச் சொல்லும் ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கற்க முடியும். அதனால், மலையிறங்கிப் போகிறவர் முதலில் தேட வேண்டியது, ‘இப்போதைக்கு ஊசியைத் தொடாதே’ என்று தன்னிடமே சொல்லக்கூடிய ஒரு குருவைத்தான்.